மேய்ன் யாருடைய சொத்து?

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மூடி பீச் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் அந்த ஈரமணலில் ஒருவர் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. துப்பாக்கியோடு கடல்வாத்து சுடப் போனாலும் சரிதான். படகை இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் சும்மா கையை வீசிக்கொண்டு காற்று வாங்க நடந்தால்... அது அடுத்தவர் நிலத்தில் அத்துமீறல்!

விளையாட்டில்லை. 1640களில் மசாசூசெட்ஸ் காலனி போட்ட ஒரு சட்டம், கரையோர நிலத்துக்காரருக்கு வற்றும் அலை தொடும் எல்லை வரை சொந்தம் கொடுத்தது. பொதுமக்களுக்கு மூன்றே மூன்று உரிமைகளை மிச்சம் வைத்தது: மீன் பிடிக்க, பறவை வேட்டையாட, படகு செலுத்த. 1989-ல் மூடி பீச் வழக்கு மேய்னின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சட்டத்தில் உலாவுவதைப் பற்றி எதுவும் இல்லையே என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பானது. ஐஸ் பெட்டியும் குடையுமாக வந்தவர்கள் விழித்தார்கள்.

மேய்ன் என்றதும் சிலருக்கு ஸ்டீபன் கிங்கின் பேய்க்கதைகள் நினைவுக்கு வரும். மனிதர் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் அந்த மாநிலத்தை நானூறு வருஷமாகப் பிடித்து ஆட்டும் பேய் வேறு. "இது யாருடையது?" என்ற கேள்விதான் அந்தப் பேய்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வரைபடத்தில் வடகிழக்கு மூலையில் கனடாவுக்குள் முட்டிக்கொண்டு நிற்பதுதான் மேய்ன். ஒரே ஒரு மாநிலத்தோடு (நியூ ஹாம்ப்ஷயர்) மட்டும் எல்லை பகிரும் அமெரிக்க மாநிலம் இது ஒன்றுதான். பனியுகத்தில் பனிப்பாறைகள் நசுக்கிய நிலத்தில், பனி உருகியதும் கடல் ஏறிவந்தது. பள்ளத்தாக்குகள் விரிகுடாக்களாயின, குன்றுகளின் தலைகள் தீவுகளாயின. அதனால்தான் நேர்க்கோட்டில் சுமார் 367 கி.மீ. இருக்கும் கடற்கரை, ஒவ்வொரு மடிப்பாகப் புகுந்து அளந்தால் 5,600 கி.மீ. அளவுக்கு நீள்கிறது. தீவுகள் மட்டுமே மூவாயிரத்துக்கும் மேல். உள்ளே போனால் காடு, காடு, காடு. நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மரம். அமெரிக்காவில் இந்த விகிதத்தில் மேய்னுக்குத்தான் முதலிடம். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 13.6 லட்சம். மாநிலத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் பஞ்சாயத்து மாதிரி எந்த உள்ளாட்சியும் கிடையாது, ஏனென்றால் அங்கே ஆளே கிடையாது.

ஆள் இல்லை என்பதால் அது புறம்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு பத்திரம் உண்டு. கதையே அந்தப் பத்திரங்களில்தான் இருக்கிறது.

காட்டின் மீது முதலில் முத்திரை குத்தியவர் இங்கிலாந்து அரசர். அன்றைய கடற்படைக்குப் பாய்மரக் கம்பம் வேண்டும். இங்கிலாந்தில் அவ்வளவு உயரமான மரம் மிச்சமில்லை. மேய்ன் பக்கமோ வெள்ளைப் பைன் மரங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. 1691-ன் அரச சாசனம், தனியாருக்குக் கொடுக்கப்படாத நிலத்தில் 24 அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உள்ள மரமெல்லாம் அரசருக்கே என்றது. ஆட்கள் கோடரியால் மரத்தில் மூன்று வெட்டுப் போட்டு அம்புக்குறி வரைந்துவிட்டுப் போவார்கள். குடியேறிகள் சும்மா இருந்தார்களா? இரவோடு இரவாக வெட்டி, 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் பலகையாக அறுத்து வீட்டுத் தரையில் பதித்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றி இன்றும் சொல்வார்கள். அமெரிக்கப் புரட்சிக்குத் தேயிலையை மட்டும் காரணம் சொல்கிறோம். மேய்ன் பக்கத்தில் மரமும் ஒரு காரணம்.

அரசர் போனார், மசாசூசெட்ஸ் வந்தது. மேய்ன் அப்போது அதன் ஒரு மாவட்டம் மாதிரி. போர்க்கடன் கழுத்தை நெரிக்க, மசாசூசெட்ஸ் மேய்ன் நிலத்தை விற்றுக் கடனை அடைக்கப் பார்த்தது. 1786-ல் நிலத்துக்கு லாட்டரியே நடத்தினார்கள். சீட்டு சரியாகப் போகவில்லை. 1793-ல் வில்லியம் பிங்ஹாம் என்ற பிலடெல்ஃபியா பணக்காரர் சுமார் 20 லட்சம் ஏக்கரை வாங்கினார். ஏக்கர் விலை? பன்னிரண்டரை செண்ட்! அதில் பெரும் பங்கு வாங்கியவர் அலெக்ஸாண்டர் பேரிங், லண்டனின் புகழ்பெற்ற பேரிங் வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு அவரே பிங்ஹாமுக்கு மருமகனும் ஆனார். இதே பேரிங்தான் வயதான காலத்தில் ஆஷ்பர்ட்டன் பிரபுவாகி, 1842-ல் பிரிட்டன் சார்பில் வந்து அமெரிக்காவோடு பேசி மேய்னின் வடக்கு எல்லையை முடிவு செய்தார். இளமையில் நிலத்தை வாங்கியவரே முதுமையில் வேலியும் போட்டார்!

இடையில் 1820, மார்ச் 15 அன்று மேய்ன் தனி மாநிலமானது. அதற்கும் ஒரு விலை இருந்தது. வடக்கில் அடிமைமுறை இல்லாத மேய்ன் ஒன்று சேர்ந்தால், தெற்கில் அடிமைமுறை உள்ள மிசௌரி ஒன்று சேரவேண்டும் என்று பேரம். முப்பது வருஷம் கழித்து ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அதே மேய்னின் பிரன்ஸ்விக் ஊரில் உட்கார்ந்துதான் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதினார். கடன் பாக்கியைத் தீர்த்ததாக வைத்துக்கொள்ளலாம்.

பிரிந்த பிறகும் அங்குள்ள பொதுநிலத்தில் பாதியை மசாசூசெட்ஸ் கையில் வைத்திருந்தது. 1853-ல் மேய்ன் காசு கொடுத்துத்தான் அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய வேகத்தில் மரக் கம்பெனிகளுக்கு விற்றும் தள்ளியது.

இவ்வளவு விற்பனையிலும் ஒரு தரப்பின் பெயர் வரவே இல்லை. அவர்கள் வாபனாகி மக்கள். விடியல் நாட்டினர் என்று பொருள். கிழக்குக் கோடியில் சூரியனை முதலில் பார்ப்பவர்கள். பெனாப்ஸ்காட், பாசமகுவாடி, மாலிசீட், மிக்மாக் என்று பல இனங்கள். பாசமகுவாடிகள் 1794-லும் பெனாப்ஸ்காட்டுகள் 1796, 1818-லும் மசாசூசெட்ஸோடு போட்ட ஒப்பந்தங்களில் நிலம் கைமாறியது. கடைசியில் அவர்களுக்கு மிஞ்சியது ஆற்றுத்தீவுகளும் சில துண்டு நிலங்களும். மாநிலத் தேர்தலில் அவர்கள் முழுதாக ஓட்டுப் போட 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் வில்லங்கம் வருகிறது. வில்லங்கம் என்றால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் அர்த்தத்திலேயே! 1957-ல் ஒரு பாசமகுவாடி மூதாட்டி, தன் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த 1794 ஒப்பந்தத்தை எடுத்துத் தங்கள் தலைவருக்குக் காட்டினார். பிறகு வழக்கறிஞர்கள் குடைந்தபோது அகப்பட்டது 1790-ன் மத்திய சட்டம் ஒன்று. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் பூர்வகுடிகளிடமிருந்து யாரும் நிலம் வாங்க முடியாது, மாநிலமே வாங்கினாலும் செல்லாது என்றது அது. மசாசூசெட்ஸ் அந்த ஒப்புதலை வாங்கவே இல்லை. அப்படியானால் தாய்ப்பத்திரமே செல்லாது. தாய்ப்பத்திரம் செல்லாது என்றால் அதற்குப் பின் வந்த பிங்ஹாம், பேரிங், மரக் கம்பெனி, பேப்பர் மில், சாதாரணக் குடும்பத்தின் வீட்டுமனை... எல்லாமே அந்தரத்தில்!

சுமார் ஒன்றேகால் கோடி ஏக்கர், அதாவது மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, எங்களுடையது என்று உரிமை கோரப்பட்டது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். 1975-ல் மத்திய நீதிமன்றம் அந்தச் சட்டம் பாசமகுவாடிகளுக்கும் பொருந்தும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. அடுத்த வருஷம் நகராட்சிகள் பள்ளிக்கூடம், ரோடு என்று கடன்பத்திரம் வெளியிடப் போனபோது, நிலத்தின் உரிமை தெளிவாக இல்லை என்று சட்ட நிறுவனம் சான்று தர மறுத்தது. வரி வசூலிக்கும் நிலமே யாருடையது என்று தெரியாதபோது அந்த வரியை நம்பி யார் கடன் கொடுப்பார்? காமர்ஸ் வகுப்பில் 'டைட்டில்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு, அந்தச் சொல் ஒரு மாநிலத்தையே எப்படி முடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1980-ல் சமரசம். மத்திய அரசு 8.15 கோடி டாலர் கொடுத்தது. அதில் 5.45 கோடி டாலர் நிலம் வாங்குவதற்கு. கவனியுங்கள், யார் யாரிடமிருந்து வாங்குவதற்கு? தங்கள் பழைய நிலத்தில் சுமார் 3 லட்சம் ஏக்கரை, பேப்பர் கம்பெனிகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும், சந்தை விலை கொடுத்து! மேய்ன் மாநிலம் தன் கஜானாவிலிருந்து அந்தத் தொகைக்கு எதுவும் போடவில்லை. பாசமகுவாடிகள் பணத்தைத் தூங்கவிடவில்லை. 1983-ல் ஒரு சிமென்ட் ஆலையை வாங்கி ஐந்து வருஷத்தில் பெரிய லாபத்துக்கு விற்றார்கள், காட்டு புளூபெர்ரித் தோட்டம் வாங்கினார்கள். ஆனால் அந்தச் சமரசத்தின் சின்ன எழுத்துகளில், பல விஷயங்களில் அவர்கள் ஒரு நகராட்சி அளவுக்குத்தான் என்று இருந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

மரக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேங்கர் என்ற ஊர் 19-ம் நூற்றாண்டில் மரவியாபாரத்தின் தலைநகர். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது லட்சக்கணக்கான கட்டைகளை மிதக்கவிட்டு, அவற்றின் மேலேயே ஏறி நின்று ஓட்டிவருவார்கள். கால் வழுக்கினால் ஆள் காலி. 1976-ல்தான் அது முழுதாக நின்றது. மரம் அறுத்த தூள் வீணாகவில்லை, கென்னபெக் ஆற்றில் வெட்டிய ஐஸ் கட்டிகளைச் சுற்றிப் பொதிந்து கப்பலேற்ற உதவியது. ஆம், ஐஸும் ஏற்றுமதிதான். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் இதே வியாபாரத்துக்காக 1842-ல் கட்டியது. அங்கே வந்தது பெரும்பாலும் மசாசூசெட்ஸ் ஏரிகளின் ஐஸ். கென்னபெக்கின் பொற்காலம் அதற்கு அப்புறம்.

அந்தக் காலத்து மேய்ன்காரர் ஒருவரை விட மனமில்லை. பாத் என்ற ஊரில் பிறந்த சார்ல்ஸ் மோர்ஸ், ஐஸ் கம்பெனிகளை எல்லாம் 1899-ல் ஒன்றாக்கி, அடுத்த வருஷம் நியூயார்க்கில் விலையை இரண்டு மடங்காக்கினார். பார்த்தால் நகர மேயர் கையிலேயே அந்தக் கம்பெனிப் பங்குகள்! பிறகு வங்கி மோசடியில் 15 வருஷ ஜெயில். சாகக் கிடக்கிறார் என்று டாக்டர்கள் சொல்ல, 1912-ல் ஜனாதிபதி டாஃப்ட் விடுதலை செய்தார். வெளியே வந்தவர் மேலும் இருபது வருஷம் ஜம்மென்று வாழ்ந்தார். சோப்புத் தண்ணீர் குடித்து நோயாளி வேஷம் போட்டார் என்று ஊர் பேசியது.

சரி, காட்டுக்குத் திரும்புவோம். 1900-ல் மில்லினாகெட்டில் ஒரு மாபெரும் பேப்பர் மில் திறந்தது. சுற்றியிருந்த லட்சக்கணக்கான ஏக்கர் காடு மில்லுக்குச் சொந்தம். ஆனால் கம்பெனி வேலி போடவில்லை. தொழிலாளிகள் அங்கேயே வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், குத்தகைக்கு ஒரு துண்டு எடுத்துக் குடிசை போட்டு வார இறுதியைக் கழித்தார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்புறம் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதே மறந்துபோனது. அது "நம்ம காடு".

அந்தக் காட்டின் நடுவே 1,600 மீட்டர் உயரத்தில் கட்டாடின் மலை. ஜியார்ஜியாவில் தொடங்கும் சுமார் 3,500 கி.மீ. அப்பலாச்சியன் நடைபாதை முடியும் இடம். 1921 முதல் 1925 வரை ஆளுநராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர், இந்த மலையை அரசு வாங்கிப் பூங்காவாக்க வேண்டும் என்று மன்றாடினார். சட்டசபை மறுத்துவிட்டது. மனிதர் கொஞ்சம் விசித்திரம்தான். 1923-ல் தன் நாய் செத்தபோது தலைமைச் செயலகத்துக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். பதவி போன பிறகு 1930-ல் தன் சொந்தப் பணத்தில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கரை, மலையின் பெரும்பகுதியோடு, வாங்கினார். அடுத்த வருஷம் மாநிலத்துக்கே கொடுத்தார். நிபந்தனை ஒன்றே: என்றைக்கும் இது காடாகவே இருக்க வேண்டும். பிறகு முப்பது வருஷம் துண்டு துண்டாக வாங்கி, வாங்கிக் கொடுத்து, 2 லட்சம் ஏக்கரைத் தாண்டினார். பராமரிப்புக்கும் அறக்கட்டளைப் பணம் வைத்துவிட்டுப் போனார், வரிப்பணத்தை நம்பவில்லை. (நாய்ப்பிரியரின் அந்தப் பூங்காவில் இன்று நாய்களுக்கு அனுமதி இல்லை!)

பாக்ஸ்டரைத் தெய்வமாகக் கும்பிடும் அதே ஊர்கள், அதே காரியத்தைச் செய்த ஒரு பெண்ணை என்ன செய்தன தெரியுமா? ராக்ஸேன் குவிம்பி 1970களில் மேய்ன் வந்து கரண்ட் இல்லாத குடிசையில் வாழ்ந்தவர். ரோட்டோரம் தேன் விற்ற பர்ட் என்பவரோடு சேர்ந்து தேன்மெழுகில் மெழுகுவத்தி செய்யத் தொடங்கினார். அதுதான் 'பர்ட்ஸ் பீஸ்' கம்பெனி. பின்னாளில் அதை விற்று வந்த கோடிகளில் கட்டாடினுக்குக் கிழக்கே காட்டை வாங்கினார், தேசியப் பூங்காவுக்குக் கொடுக்க. வாங்கியதும் வேட்டையை நிறுத்தினார், பனிவண்டிப் பாதைகளை மூடினார், குடிசைக் குத்தகைகளை முடித்தார். சட்டப்படி எல்லாம் அவர் உரிமை. ஆனால் மூன்று தலைமுறையாக "நம்ம காடு" என்றிருந்தவர்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி. 'ராக்ஸேனைத் தடை செய்' என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2008-ல் மில்லினாகெட் மில் மூடியது. வேலை போன ஊருக்கு, காட்டையும் யாரோ எடுத்துக்கொள்வது போலத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பிறகு அவர் மகன் வந்து, ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, ஒரு பகுதியில் வேட்டையையும் பனிவண்டியையும் திரும்ப அனுமதித்தார். ஆளுநர் எதிர்த்தும், 2016 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒபாமா சுமார் 87,500 ஏக்கரைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

மேய்னில் ஒரு சொல் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்களை 'ஃப்ரம் அவே' என்பார்கள், கிட்டத்தட்ட நம் 'வந்தேறி'. அங்கேயே பிறந்த பிள்ளையானாலும் பெற்றோர் வெளியூர் என்றால் முழுதாகச் சேர்க்க மாட்டார்கள். பூனை அடுப்புக்குள் குட்டி போட்டால் குட்டிகள் பிஸ்கட்டாகிவிடுமா என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. மில் வேலைக்குக் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களும் இதில் அடிபட்டவர்கள். 1919-ல் பள்ளியில் பிரெஞ்சில் பாடம் நடத்தவே தடை. அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் லூயிஸ்டனுக்கு 2001 முதல் சோமாலி அகதிகள் வர ஆரம்பிக்க, அடுத்த வருஷமே மேயர் "போதும், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று கடிதம் எழுதினார்.

கடல் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை என்பது சட்டம். நடைமுறை வேறு. லாப்ஸ்டர் என்னும் சிங்கி இறால் பிடிப்பவர்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். எந்தப் பத்திரத்திலும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவரின் மிதவைக்கும் தனி நிறம். அந்நியர் கூடு போட்டால் முதலில் அவர் மிதவையில் ஒரு முடிச்சு விழும், எச்சரிக்கை. புரியாவிட்டால் கயிறு அறுபடும். 2009-ல் மத்தினிகஸ் தீவில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. ரௌடித்தனம் மாதிரி தெரிகிறதல்லவா? இதே ஆட்கள்தான் முட்டையோடு வந்த பெண் இறாலின் வாலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கடலிலேயே விடுகிறார்கள். அடுத்து யார் கூட்டில் மாட்டினாலும், முட்டை இல்லாவிட்டாலும், அந்த வெட்டைப் பார்த்தால் திரும்ப விட்டாக வேண்டும். சிறியதும் கூடாது, மிகப் பெரியதும் கூடாது. ஆளுக்கு அதிகபட்சம் 800 கூடு. லைசென்ஸ் வைத்திருப்பவர் படகில் இருந்தே ஆக வேண்டும், கம்பெனி வாங்கிப் போட்டு ஆள் வைத்து ஓட்ட முடியாது. பொதுச்சொத்து என்றால் எல்லோரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்ற பாடப்புத்தக வாதத்துக்கு இந்த மீனவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் கடல் சூடேறுகிறது. மேய்ன் வளைகுடா உலகக் கடல்களின் பெரும்பகுதியைவிட வேகமாகச் சூடானது. 2016-ல் 6 கோடி கிலோ பிடித்தார்கள், 2024-ல் 4 கோடிக்கும் கீழே. இறால் குளிர்ந்த நீரைத் தேடி வடகிழக்கே நகர்கிறது. அதற்கு எந்தத் துறைமுகத்தின் எல்லையும் தெரியாது.

பெனாப்ஸ்காட் மக்களின் பெயரும் அவர்கள் ஆற்றின் பெயரும் ஒன்றுதான். அவர்களின் தீவுகள் அந்த ஆற்றின் நடுவில் இருக்கின்றன. ஆறு யாருடையது என்று கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். தீவுகள் உங்களுடையவை, சுற்றி ஓடும் தண்ணீர் உங்களுடையதில்லை என்று 2021-ல் மூன்றுக்கு இரண்டு கணக்கில் தீர்ப்பு வந்தது. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குச் சில வருஷம் முன்புதான், அவர்களும் சேர்ந்த ஓர் அறக்கட்டளை, ஆற்றை மறித்திருந்த அணைகளைக் காசு கொடுத்து வாங்கி, 2012-லும் 2013-லும் இரண்டை இடித்துத் தள்ளியது. ஒவ்வொரு வசந்தத்திலும் இப்போது கடலிலிருந்து மீன்கள் லட்சக்கணக்கில் அந்தத் தீவுகளைத் தாண்டி மேலே ஏறிப் போகின்றன.